முப்பது ஆண்டு வாழ்க்கை, இரண்டாண்டு விசா

ஐக்கிய அரபு அமீரகத்தின் தெருவில் எதிரே வரும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டவர். கத்தாரிலும் இதே நிலைதான். குவைத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டவர் என்று சொன்னால்கூடக் குறைவு. பரப்பிலும் மக்கள்தொகையிலும் பெரிய நாடான சவூதியில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 3.22 கோடிப் பேரை எண்ணியது, அதில் 41.6 சதவீதம் பேர் பிற நாட்டவர். இவர்கள் நேற்று வந்து இறங்கியவர்கள் அல்ல. எழுபதுகளில் அப்பா போனார், தொண்ணூறுகளில் மகன் போனான், இப்போது பேரன் விசாவுக்குப் படம் எடுக்கிறான். ஆனாலும் சட்டத்தைப் பொறுத்தவரை இந்த மூன்று தலைமுறையும் இரண்டு மூன்று ஆண்டு வேலைக்கு வந்துவிட்டுத் திரும்பப் போகிறவர்களே. வளைகுடா வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாளியின் கொடுமையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கொடுமை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கும் அடியில் இருப்பது, எத்தனை ஆண்டு ஆனாலும் இது தற்காலிகம்தான் என்ற ஏற்பாடு. அண்மைக் காலச் சீர்திருத்தங்கள் முதலாளியின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. இந்த ஏற்பாட்டின் மேல் அவை கை வைக்கவே இல்லை.

இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் உள்ள தொடர்பு எண்ணெய்க்கு முந்தியது. 1960களின் நடுப்பகுதி வரை துபாய்க் கடைவீதியில் புழங்கிய பணம் ரூபாய். தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைந்ததைக் கண்ட இந்திய ரிசர்வ் வங்கி, 1959-இல் வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் தங்கள் தினாருக்கு மாறின. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் கத்தாரும் துபாயும் அதைக் கைவிட்டன. ஓமன் மட்டும் 1970 வரை இழுத்துக்கொண்டு வந்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது நிலைமை தலைகீழானது. ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்த நாடு, திர்ஹாமுக்கும் ரியாலுக்கும் ஆள் அனுப்பும் நாடாயிற்று.

தமிழகத்தில் இந்தப் பயணம் கடற்கரை ஊர்களில் தொடங்கியது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் ஆகிய ஊர்கள் அதற்கு முன்பே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் அனுப்பிப் பழகியவை. வீட்டில் ஒருவர் கடல் கடந்து சம்பாதிக்கும் சபராளியாக இருப்பது அங்கே ஊர் வழக்கம். பிறகுதான் டெல்டாவின் உள் கிராமங்கள், இராமநாதபுரம், சிவகங்கை, பெரம்பலூர் என்று பரவியது. 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவரைச் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. முதலிடம் சிங்கப்பூருக்கு, அடுத்தடுத்து அமீரகமும் சவூதியும். 2023-24-க்கான ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி, நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வந்தது. மகாராஷ்டிரமும் கேரளமும் தலா இதைப்போல் இரு மடங்கு வாங்கின.

இந்த வாழ்க்கையைக் கட்டியாளும் சட்டத்துக்குக் கஃபாலா என்று பெயர். வெளிநாட்டவர் ஒருவர் நாட்டுக்குள் வரவும் தங்கவும் உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவரே கஃபீல். பாலைவனத்து விருந்தோம்பல் மரபின் நீட்சி இது என்று சொல்லிவந்தார்கள். பஹ்ரைனிய ஆய்வாளர் ஒமர் அல்ஷெஹாபி 2019-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கதையைக் கலைத்துப்போட்டார். 1920களில் பஹ்ரைனில் முத்துக்குளிப்புக்கு வந்த வெளியூர் ஆட்களைக் கட்டுக்குள் வைக்க ஆங்கிலேய நிர்வாகம் செய்த ஏற்பாட்டில் இதன் வேர் இருக்கிறது என்பது அவர் வாதம். போலீஸ் செய்ய வேண்டிய கண்காணிப்பைத் தனியாரின் தலையில் கட்டினால் அரசுக்குச் செலவு மிச்சம். இன்றைக்கும் அந்தக் கணக்கு மாறவில்லை.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? தங்கும் அனுமதி அட்டையான இக்காமா முதலாளியின் பெயரோடு ஒட்டியிருக்கும். வேறு வேலைக்குப் போக நெடுங்காலம் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. பல நாடுகளில் ஊருக்கு வரவும் அது வேண்டியிருந்தது. படிக்காத தொழிலாளிக்கு மட்டும் நேர்ந்த கதி இது என்று நினைப்பவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு: பிரெஞ்சுக் கால்பந்து வீரர் ஜாஹிர் பெலூனிஸ் கத்தாரில் ஒரு கிளப்புக்கு ஆடப் போனார். சம்பளப் பாக்கிக்கு வழக்குப் போட்டார். வெளியேறும் அனுமதி கிடைக்கவில்லை. மனைவி, குழந்தைகளோடு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அங்கேயே மாட்டிக்கொண்டு, 2013 நவம்பரில்தான் பாரிசுக்குத் திரும்ப முடிந்தது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்தவருக்கே இந்தப் பாடு.

பாஸ்போர்ட் என்றதும் நம் பக்கத்துச் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசிடம் அனுமதி முத்திரை வாங்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் வரியும். எழுதிவைத்தது இவ்வளவுதான். ஊரில் நடப்பது வேறு. சப் ஏஜென்ட் கேட்கும் தொகை லட்சத்தில்தான் ஆரம்பிக்கும். முத்திரைக்கு அலைய வேண்டாம் என்று விசிட் விசாவில் ஏற்றிவிடுவதும் உண்டு. அப்படிப் போனவர் அரசுக் கணக்கில் சுற்றுலாப் பயணி; தொழிலாளருக்கான பத்து லட்ச ரூபாய்க் காப்பீடும் அவருக்கு இல்லை. இதில் ‘ஃப்ரீ விசா’ என்று ஒன்று. காசு கொடுத்து வாங்குவதற்கு ஃப்ரீ என்று பெயர் வைத்தவர் பெரிய குறும்புக்காரராக இருக்க வேண்டும். ஒரு கஃபீல் பெயருக்கு விசா கொடுப்பார். போனவர் வெளியே எங்கு வேண்டுமானாலும் வேலை தேடிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் கஃபீலுக்குக் கப்பம் கட்ட வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான இந்த ஏற்பாட்டைப் பலர் விரும்பியே தேர்ந்தெடுத்தார்கள். கம்பெனி விசாவைவிட இதில் சம்பளமும் நடமாட்டமும் கூடுதல். கப்பம் நின்றாலோ தகராறு வந்தாலோ கஃபீல் ‘ஹுரூப்’ போட்டுவிடுவார். ஆள் ஓடிப்போய்விட்டான் என்ற அந்த ஒரு புகாரிலேயே வந்தவர் குற்றவாளியாகிவிடுவார். பிறகு பொதுமன்னிப்பு அறிவிக்கும் வரை ஒளிந்து வேலை பார்க்க வேண்டும். அறிவித்ததும் தூதரகத்தில் வரிசையில் நின்று அவுட்பாஸ் வாங்கி ஊர் திரும்ப வேண்டும். சவூதி 2013-இலும் 2017-இலும் அப்படி மன்னிப்பு அறிவித்தபோது அந்த வரிசைகள் நீண்டன. துபாய் வேலை என்று நம்பிப் பணத்தைக் கட்டி ஏமாந்தவர்களை வைத்துச் சேரன் ‘வெற்றிக் கொடி கட்டு’ எடுத்தது 2000-இல். இன்று எடுத்தாலும் கதையில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

அங்கே வீடு என்றால் பெரும்பாலோருக்கு ஒரு கட்டில். துபாயின் தேராவிலும் கராமாவிலும் அதற்குப் ‘பெட் ஸ்பேஸ்’ என்று வாடகை. இரண்டடுக்கு இரும்புக் கட்டில். கீழ்க்கட்டிலுக்கு வாடகை சற்றுக் கூட, ஏனென்றால் அதற்கடியில் பெட்டி வைத்துக்கொள்ளலாம். கட்டிலைச் சுற்றிப் புடவைத் துணியிலோ போர்வையிலோ ஒரு திரை. அந்தத் திரைக்குள்தான் வீடியோ கால், அழுகை, தொழுகை, சாமி படம் எல்லாம். கதவருகே செருப்புக் குவியல். சமையலறைச் சுவரில் இந்த வாரம் யார் சமையல் என்று மெஸ் கணக்கு. கறி வாங்கியவர் எழுதிய தொகைக்கு மற்றவர்கள் மாதக் கடைசியில் பங்கு போடுவார்கள். கட்டுமானக் கம்பெனி ஆட்கள் இருக்கும் லேபர் கேம்ப் ஊருக்கு வெளியே. துபாயில் சோனாப்பூர், தோஹாவில் இண்டஸ்ட்ரியல் ஏரியா. நகரத்துக்குள் வர ஒரே நாள் வார விடுமுறை. ரியாத்தில் வெள்ளிக்கிழமை பத்தா கடைத்தெருவில் நின்றால் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் நிற்பது போலத் தமிழ் காதில் விழும்.

இந்த அறைகளில் இருப்பவர்களை அங்கே பேச்சுலர் என்பார்கள். மூன்று பிள்ளை பெற்று மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பவரும் பேச்சுலர்தான். மனைவியை அழைத்துக்கொள்ள விருப்பமில்லாமல் அல்ல, சம்பளம் எட்டவில்லை. அமீரகத்தில் குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். குவைத் 2024 ஜனவரியில் குடும்ப விசாவை மீண்டும் திறந்தபோது கேட்டது 800 தினார் சம்பளம். நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல். சவூதி இன்னொரு வழியைப் பிடித்தது. 2017 ஜூலையில் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி. ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி 2020-இல் 400 ஆயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தால் மாதம் 1,200 ரியால் அரசுக்கே போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்த நடுத்தரச் சம்பளக்காரர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, விட்டுவந்த கட்டிலுக்கே திரும்பினார்கள். குடும்பத்தோடு வாழும் உரிமையைச் சம்பளச் சீட்டில் அச்சிட்டுவைத்திருக்கும் இந்த முறையைத்தான் ஹுரூபைவிடக் கொடியது என்று சொல்ல வேண்டும். ஹுரூப் சிலரைத் தொடுகிறது. இது லட்சக்கணக்கானவர்களை, சத்தமில்லாமல்.

எனவே ஊர்ப்பயணமே இந்த வாழ்க்கையின் நாள்காட்டி. இரண்டு ஆண்டுக்கு ஒரு டிக்கெட், இரண்டு மாத வெக்கேஷன் என்பது பொதுவான ஒப்பந்தம். புறப்படுவதற்கு மாதக்கணக்கில் முன்பே கட்டிலுக்கடியில் சாமான் சேரும்: நீடோ, டேங், கோடாலித் தைலம், சென்ட், பேரீச்சை, யாராவது ஒருவருக்கு விளையாட்டு ஷூ. கடைசி இரவு அறை முழுவதும் கூடும். கயிறு கட்டுவதில் கைதேர்ந்தவர் ஒருவர் எல்லா அறையிலும் இருப்பார். அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டி, மார்க்கர் பேனாவால் நான்கு பக்கமும் பெயர், ஊர், போன் நம்பர் எழுதுவார். தராசில் முப்பது கிலோவைத் தாண்டினால் முதலில் வெளியேறுவது தனக்கென வாங்கியது. வந்த வேகத்தில் அறுபது நாளும் தீரும். கல்யாணம், வீட்டு வேலை, நிலத் தகராறு, டாக்டர், இரண்டு கோயில் அல்லது தர்கா. வந்தவரைப் பிள்ளைகள் பழகிக்கொள்ளும் நேரத்தில் ரிட்டர்ன் டிக்கெட் வந்துவிடும்.

பெண்களின் கதை இதற்குள் அடங்காது. வீட்டு வேலைக்குப் போகிறவரின் பணியிடமும் தங்குமிடமும் முதலாளியின் வீடே. தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிடும். பத்தாம் வகுப்புத் தேறாத, முப்பது வயதுக்குட்பட்ட பெண்களை இந்தியா இந்த நாடுகளுக்கு அனுப்புவதில்லை. இலங்கையின் நிலைமை வேறு. 1985-இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைத்த அந்த நாட்டில், தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாடு போனவர்களில் நால்வரில் மூவர் பெண்கள். மூதூரிலிருந்து வயதைக் கூட்டிக் காட்டிய பாஸ்போர்ட்டோடு 2005-இல் சவூதிக்குப் போன ஓர் இளம்பெண், தன் பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்த வழக்கில் மரண தண்டனை பெற்று, 2013 ஜனவரியில் தலை வெட்டப்பட்டார். போகும்போது அவருக்கு வயது 17. ஊர் கொதித்தது. அரசோ, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் போகக்கூடாது என்று அதே ஆண்டு விதி போட்டது. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டியவர்களுக்கு விதி போடுவதைவிடத் தாய்மாருக்குப் போடுவது எளிது போலும்.

நெருக்கடி வரும்போது இந்தத் தற்காலிகத்தின் முழு முகமும் தெரியும். 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தபோது, கடை வைத்திருந்தவரும் கணக்கெழுதியவரும் ஒரே பேருந்தில் ஜோர்டானுக்கு ஓடினார்கள். அம்மானிலிருந்து ஏர் இந்தியா ஏற்றிவந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இந்த ஒரு முறை மட்டும் இழந்ததற்கு ஏதோ கிடைத்தது: ஐ.நா. அமைத்த இழப்பீட்டு ஆணையம் குவைத்தை விட்டு ஓடிய தனி ஆட்களுக்கும் டாலரில் பணம் கொடுத்தது; இராக்கின் பணத்திலிருந்து ஆணையம் கடைசித் தவணையைக் கொடுத்து முடித்தது 2022-இல். அடுத்த நெருக்கடிகளுக்கு அப்படி ஆணையம் எதுவும் அமையவில்லை. எண்ணெய் விலை சரிந்து 2016-இல் சவூதி ஓகர் முதலிய பெரும் கட்டுமான நிறுவனங்கள் மாதக்கணக்கில் சம்பளம் தராதபோது, ஜெத்தாவில் ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்குத் தூதரகம் சோறு போட வேண்டியிருந்தது. 2020-இல் கொரோனா. மே 7 அன்று அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் புறப்பட்ட முதல் ‘வந்தே பாரத்’ மீட்பு விமானங்கள் கேரளத்துக்கு வந்தன. வேலை போனவர்கள் பலர் பாக்கிச் சம்பளத்தைக் கேட்காமலேயே ஏறினார்கள். 2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தது. இறந்த சுமார் ஐம்பது பேரில் 45 பேர் இந்தியர். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர்.

சாவும் இங்கே காகித வேலைதான். இறப்புச் சான்று, போலீஸ் ஒப்புதல், தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, எம்பாமிங், கார்கோ முன்பதிவு என்று ஒவ்வொரு ஜன்னலாக யாராவது அலைய வேண்டும். அஜ்மானில் வாழும் கேரளத்துக்காரர் அஷ்ரஃப் தாமரச்சேரி இந்த அலைச்சலை ஊதியமில்லாத வேலையாக எடுத்துக்கொண்டவர். 2015-இல் அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது கிடைத்தது. 2019 வரை ஏர் இந்தியா வளைகுடாவிலிருந்து உடலைக் கொண்டுவர எடை போட்டே கட்டணம் வாங்கியது. எதிர்ப்பு எழுந்த பின்னரே எடைக்கணக்கு போய் ஒரே கட்டணம் வந்தது.

பணமுள்ளவர்களுக்கு இந்தக் கதவு வேறு விதமாகத் திறக்கும். அமீரகம் 2019-இல் தொடங்கிய கோல்டன் விசா, 20 லட்சம் திர்ஹாம் சொத்து வாங்கியவருக்கும் மருத்துவர், அறிவியலாளர் முதலானோருக்கும் பத்தாண்டு வரை ஸ்பான்சர் இல்லாமல் தங்க வழி செய்கிறது. அதுவும் நீட்டிக்கப்பட்ட விசாதான், குடியுரிமை அல்ல. துபாய் இந்தியர்களைப் பற்றி மானுடவியலாளர் நேஹா வோரா 2013-இல் வெளியிட்ட ‘இம்பாசிபிள் சிட்டிசன்ஸ்’, தலைமுறைகளாகக் கடை நடத்தும் வணிகர்களும் இதே நிலையில் இருப்பதைக் காட்டுகிறது. அபுதாபியில் வளர்ந்த தீபக் உண்ணிக்கிருஷ்ணன் 2017-இல் எழுதிய ‘டெம்பரரி பீப்பிள்’ அதே உலகத்தின் கதை. அங்கே பிறந்து சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்து வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்கு இந்தியா வந்ததும் படும் தடுமாற்றத்தை யாராவது தமிழில் எழுத வேண்டும்.

மாற்றம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். கால்பந்து உலகக் கோப்பையை முன்னிட்டு வந்த அழுத்தத்தில் கத்தார் 2020-க்குள் வெளியேறும் அனுமதியையும் வேலை மாறத் தடையின்மைச் சான்றையும் நீக்கியது; 2021 மார்ச்சில் எல்லா நாட்டவருக்கும் பொதுவாக 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் கொண்டுவந்தது. அதே மாதம் சவூதியும் வேலை மாறுவதை எளிதாக்கியது, வீட்டு வேலைக்காரர்களை விட்டுவிட்டு. ஆனால் கொடுத்ததை எடுத்துக்கொள்ளவும் ஓர் ஆணை போதும். தனியார் நிறுவன ஊழியர் வெளியே போக முதலாளியின் அனுமதி வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் குவைத் விதி வைத்திருக்கிறது.

முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை இருபத்தெட்டு வயதுக்காரருக்குப் பெரிய வரம். அறுபதை நெருங்குகிறவருக்கு அதனால் ஆவது என்ன? அவர் இனித் திரும்ப வேண்டியவர். கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஓய்வூதியம் கிடையாது. பணிக்கொடை உண்டு. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், பிறகு 30 நாள் சம்பளம்; அதுவும் அடிப்படைச் சம்பளத்தில். இங்கேதான் ஒப்பந்தத்தின் சூட்சுமம். மொத்தச் சம்பளம் 1,500 திர்ஹாம் என்றால் அடிப்படை 800 என்றும் மீதி படிகள் என்றும் எழுதியிருப்பார்கள். அப்படி ஒருவர் இருபது ஆண்டு வேலை பார்த்தால் 555 நாள் கணக்கில் 14,800 திர்ஹாம் கிடைக்கும். திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று வைத்தால் மூன்றரை லட்சத்துக்குக் கீழே. மகளின் கல்யாணக் கடனுக்குக்கூடப் போதாது. கம்பெனி திவாலானால் அதுவும் இல்லை.

இந்தியா இதற்கென 2012-இல் மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்ற ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. சேர்ந்தவர்கள் மிகக் குறைவு என்று 2017-இல் மூடியது. கேரளம் 2008-இலேயே சட்டம் போட்டு நல வாரியம் அமைத்து, சந்தா கட்டியவர்களுக்கு 60 வயதுக்குப் பின் மாத ஓய்வூதியம் தருகிறது. தமிழ்நாடு 2011-இல் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் இயற்றியது. வாரியம் அமைந்தது பத்தாண்டுக்குப் பிறகு. தமிழ்நாட்டு வாரியம் கேரளத்து வழியில் ஓய்வூதியம் வரை போனால் ஊர்ப்பக்கத்துப் பாதிச் சிக்கல் தீரும். அந்தப்பக்கத்துப் பாதிக்குப் பஹ்ரைன் ஒரு வழி காட்டியிருக்கிறது: 2024 மார்ச் முதல் அங்கே வெளிநாட்டு ஊழியரின் பணிக்கொடையை முதலாளி மாதந்தோறும் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் கட்டிவிட வேண்டும், வேலை முடியும்போது ஊழியர் அங்கிருந்து பெற்றுக்கொள்வார். துபாயின் நிதி மையத்தில் 2020 முதல் இதைப் போன்ற சேமிப்புத் திட்டம் நடக்கிறது, ஆனால் அது வங்கி அலுவலர்கள் வேலை பார்க்கும் வளாகத்துக்கான ஏற்பாடு. கொத்தனாருக்கும் டிரைவருக்கும் அது வர வேண்டுமானால், இந்தியா இந்த நாடுகளோடு போடும் தொழிலாளர் ஒப்பந்தங்களில் சம்பளத்துக்கு அடுத்த வரியாகப் பணிக்கொடையை எழுதிக் கேட்டாக வேண்டும்.